முதுசொமும் தேடியதேட்டமும்: நீரிழிவிற் பரம்பரையின் பங்கு

விழா மலருக்கு இலக்கியக் கட்டுரையொன்று தருக என்றே மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டனர். தமிழாசிரியர் ஒருவர் நோயைப் பற்றி எழுதப் புகுந்தமை சிலர்க்கு வியப்பாகலாம். நாம் வைத்தியம் பயின்றவரல்லேம். பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரமும், எதனையும் ஏன் எதற்கென்று வினவும் மாணாக்கரோடு பழகிய பழக்கமுமே எமது முதல். ஆயினும் பழைய மாணவர் ஒன்றுகூடலொன்றிற் கண்ட காட்சி இதனை எழுதுமாறு எம்மைத் தூண்டிற்று.

அன்று மதிய விருந்தின் முடிவிற் பாயசம் பரிமாறினர். ஒரே வகுப்பிற் படித்த நண்பர் இருவர் எமக்கு முன்னே நின்றனர். ஒருவர், “அப்பருக்கு இருந்தது, பெரியப்பருக்கு இருந்தது, எனக்கும் வந்தே தீரும், பிறகென்ன!” என்று கூறி இரண்டாம் முறையும் பாயசம் வாங்கிக்கொண்டார். மற்றவர், “எங்கள் பரம்பரையில் ஒருவருக்கும் இந்த வருத்தமில்லை, எனக்குப் பயமில்லை” என்று கூறித் தாமும் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். முற்றும் மாறுபட்ட இரு காரணங்கள் இருவரையும் ஒரே பாயசப் பாத்திரத்தின் முன் கொண்டு வந்து நிறுத்தியமை கண்டு நாம் நகைத்தோம். வீடு திரும்பும் வழியிற் சிந்தித்தபோதே இருவர் கூற்றின் அடியிலும் ஒரே பிழை கிடத்தல் புலனாயிற்று. பரம்பரை ஒன்றில் முழுவதையும் முடிவுசெய்துவிடும், அன்றேல் அதனால் யாதுமில்லை என்று இருவரும் கருதினர்.

யாழ்ப்பாணத்தார்க்கு இவ்விடயத்தை விளங்கிக்கொள்ள ஒரு வசதி உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியிலே 1707ஆம் ஆண்டளவில் எழுத்துருவம் பெற்ற தேசவழமை, ஆதனத்தை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என மூன்றாகப் பகுக்கும். முன்னோரிடமிருந்து வந்தது முதுசொம். பெண்ணுடன் வந்தது சீதனம். மணவாழ்க்கையிலே கணவனும் மனைவியும் ஈட்டியது தேடியதேட்டம். முதுசொக் காணியிலிருந்து அக்காலத்திற் கிடைக்கும் வருவாயும் பழைய வழமைப்படி தேடியதேட்டத்தின்பாற்படும். காணி பாட்டனாருடையதாயினும், அதில் விளைந்தது உழுதவனுடைய கணக்கிலேயே சேரும் என்பது கருத்து. முதிர்ந்த வயதில் வரும் நீரிழிவை இக்கணக்கிற் பார்த்தல் வேண்டும் என்பதே நாம் கூறப் புகுந்தது.

முதலிற் சொல்லைப் பற்றி ஒரு சொல். நீரிழிவு என்னுஞ் சொல்லைக் கேட்டு, இழிவான நோய் போலும் என்று மாணாக்கர் சிலர் நகைப்பதுண்டு. இழிதல் என்பதன் பொருள் இறங்குதல், கீழ்நோக்கி ஒழுகுதல் என்பதாகும். மலையினின்று அருவி இழிகின்றது என்பது சான்றோர் வழக்கு. நீர் இடைவிடாது ஒழுகிப்போதலின் நீரிழிவாயிற்று. இதில் மானக்கேடு யாதுமில்லை. ஊர் வழக்கிற் சலரோகம் என்பதும் சீனி வருத்தம் என்பதும் இதுவே. கிரேக்கரும் ஊடறுத்து ஒழுகிச் செல்லுதல் என்னும் பொருள்படவே தம் மொழியிற் பெயரிட்டனர். வடநூலார் மதுமேகம் என்றனர். மது என்பது தேன். ஆங்கில வைத்தியர் இந்நோய்க்கு வழங்கும் பெயரின் பிற்பாதியும் தேனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே. ஒருவரையொருவர் அறியாத நாட்டினர் ஒரே நோயிலே ஒழுக்கையும் இனிப்பையும் கண்டு பெயரிட்டமை மொழியாசிரியர்க்கு மகிழ்ச்சி தருவதொன்று. அஃது நிற்க.

இந்நோய் ஒன்றன்று, இரண்டு என்பதனைப் பண்டை வைத்தியர் அறிந்திருந்தனர். சுசுருதர் பிறப்போடு வந்தது ஒன்று, பொருந்தா உணவால் வந்தது மற்றொன்று எனப் பிரித்தார். முன்னையது உடையார் மெலிந்தவர், பின்னையது உடையார் பருத்தவர் என்றுங் குறித்தார். சரகர் நூலோ, மதுமேகம் உடையவர்க்குப் பிறந்த நோயாளியின் நோய் வித்தின் குற்றத்தால் வந்ததாதலின் தீராதது எனக் கூறும். வித்தின் குற்றம் என்னும் அத்தொடர் பரம்பரையைக் குறித்த கூரிய பார்வையே. ஆயினும், பிறப்பால் வந்தது வேறு, உணவால் வந்தது வேறு என்ற பிரிவினையை இக்கால ஆராய்ச்சி முழுதாக ஏற்கவில்லை. உணவால் வந்தது என நாம் எண்ணும் வகையிலேயே வித்தின் பங்கு மிகப் பெரிது என்பதே அவ்வாராய்ச்சியின் வியத்தகு முடிவு.

நோய் நிகழுமாற்றைச் சுருங்கக் கூறுவோம். வயிற்றின் பின்னே சதையி என்னும் உறுப்பு உண்டு. தமிழகத்தார் அதனைக் கணையம் என்பர். அதனுள்ளே சிறுசிறு தீவுகள் போலச் சிதறிக்கிடக்கும் கலக் கூட்டங்களை 1869இல் இலங்கர்கான் என்னும் செருமானிய மாணவர் கண்டறிந்தார். அத்தீவுகளிலுள்ள பீற்றாக் கலங்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. நாம் உண்ட சோறும் பிட்டும் குளுக்கோசாக மாறி இரத்தத்திற் சேர்ந்ததும், தசையும் கொழுப்பும் அதனை ஏற்றுக்கொள்ளுமாறு செய்வதும், ஈரல் மேலும் குளுக்கோசை வெளிவிடாது தடுப்பதும் இன்சுலினின் தொழில். சிறுவரைத் தாக்கும் முதலாம் வகையிற் பீற்றாக் கலங்கள் உடலின் காப்புப் படையாலேயே அழிக்கப்படுகின்றன. நாம் பேசும் இரண்டாம் வகையிலோ தசையும் ஈரலும் இன்சுலினின் சொற்கேளாதனவாகின்றன. அதனை ஈடுசெய்யப் பீற்றாக் கலங்கள் பல ஆண்டுகள் மிகுதியாக உழைத்து, ஈற்றிலே களைத்துப்போகின்றன. இன்சுலினுக்கு இணங்குவோர், இணங்காதோர் என நோயாளர் இருதிறத்தினர் என்பதை இங்கிலாந்தின் கிம்சுவேத்து என்பார் 1936இல் எடுத்துக்காட்டினார்.

இனிப் பரம்பரைக்குச் சான்று யாது? ஒரே கருவினின்று பிரிந்த இரட்டையர் இயற்கை எமக்களித்த அரிய சோதனைச்சாலை ஆவர். அவர்தம் பரம்பரையலகுகள் முற்றும் ஒத்தவை. (தமிழகத்தில் மரபணு என வழங்குவதையே ஈழத்துப் பாடநூல்கள் பரம்பரையலகு என்பன.) இலண்டனிலுள்ள கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையினர் அத்தகைய இரட்டையர் 200 சோடியினரைத் திரட்டி ஆராய்ந்து 1981இல் முடிவை வெளியிட்டனர். முதலாம் வகையினர் 147 சோடி. அவருள் 80 சோடியிலேயே இருவரும் நோயுற்றிருந்தனர். இரண்டாம் வகையினர் 53 சோடி. அவருள் 48 சோடியில் இருவரும் நோயுற்றிருந்தனர். பிள்ளைகட்கு வருவதே பிறவி நோய், பெரியோர்க்கு வருவது வாழ்க்கையால் வந்தது என்று நாமெல்லாம் நினைத்திருந்தமை இங்கே தலைகீழாயிற்று.

ஆனால் எண்களைக் கண்டவுடன் தலைவணங்குதல் மாணாக்கர்க்கு அழகன்று. வைத்தியசாலைக்கு அறிவிக்கப்பட்ட சோடிகளை மட்டும் சேர்த்தால், இருவரும் நோயுற்ற சோடியே கூடுதலாக வந்து சேரும். ஒருவர் மட்டும் நோயுற்றால் அதனைப் பெரிதாக எவர் அறிவிப்பர்? பின்லாந்திலே நாடளாவிய இரட்டையர் பதிவேட்டைக்கொண்டு செய்து 1992இல் வெளிவந்த ஆராய்ச்சியில், ஒரு கரு இரட்டையரில் ஒருவர்க்கு இரண்டாம் வகை நோயிருப்பின் மற்றவர்க்கும் இருத்தல் நூற்றுக்கு 34 என்றும், இரு கரு இரட்டையரில் நூற்றுக்கு 16 என்றும் காணப்பட்டது. ஒரு கருவினர்க்கு இருமடங்கு என்பதனாற் பரம்பரை மெய். நூற்றுக்கு நூறாகாமையினாற் பரம்பரை மட்டுமன்று என்பதும் மெய். பெற்றோர் வழியாகப் பார்ப்பினும் இதுவே. அமெரிக்காவின் பிறேமிங்காம் நகர ஆராய்ச்சியின்படி (2000), தாய் தந்தையருள் ஒருவர்க்கு நோயிருந்தாற் பிள்ளைகட்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றரை மடங்காகும். இருவர்க்கும் இருந்தால் ஏறத்தாழ ஆறு மடங்காகும். பாயசம் வாங்கிய முதல் நண்பர் இவ்விடத்தை மட்டும் வாசித்துவிட்டு மலரை மூடிவிடாதிருப்பாராக.

மெண்டெல் பட்டாணிச் செடிகளிற் கண்ட விதியை விஞ்ஞான வகுப்பிற் படித்தோர், இந்நோய்க்கும் ஓர் அலகு இருக்கும், அது வந்தால் நோய், வராவிட்டாற் சுகம் என்று எதிர்பார்ப்பர். அவ்வாறு வரும் நீரிழிவும் உண்டு. இளவயதிலேயே தோன்றி, பெற்றோர் ஒருவரிடமிருந்து பிள்ளைகளிற் பாதிப்பேர்க்குச் செல்லும் அவ்வகையை 1974இல் தற்றசால் என்னும் ஆங்கில வைத்தியர் தெளிவாக விவரித்தார். குளுக்கோகைனேசு என்னும் நொதியத்துக்குரிய அலகிலுள்ள குறையும் அதற்கொரு காரணம் என்பது 1992இல் தெரியவந்தது. ஆனால் அது நோயாளருள் மிகச் சிலர்க்கே உரியது. எஞ்சிய பெருந்தொகையினரின் பரம்பரை அத்துணை எளிதன்று. அமெரிக்கப் பிறப்புரிமையியலாளர் சேம்சு நீல் இந்நோயைத் தம் துறையினரின் கெட்ட கனாவுக்கு ஒப்பிட்டார்.

அக்கனா மெல்ல விடிந்தது 2006இல். ஐசுலாந்தில் நிகழ்ந்த ஆராய்ச்சியொன்று பத்தாம் நிறமூர்த்தத்திலே டி.சி.எவ்.7.எல்.2 என்னும் அலகின் ஒரு வேறுபாட்டைக் கண்டது. அதன் ஒரு பிரதி இருந்தால் வாய்ப்பு ஏறத்தாழ 1.4 மடங்கு, இரண்டும் இருந்தால் ஏறத்தாழ இருமடங்கு. பொதுவாகக் காணப்படும் வேறுபாடுகளுள் வலியது இதுவே. ஏனையவற்றுட் பெரும்பாலன மிகச் சிறியன. 2024இல் வெளிவந்த பேராராய்ச்சியொன்று இருபத்தைந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து, நிறமூர்த்தங்களில் 611 இடங்களை இந்நோயோடு தொடர்புபடுத்தியது. ஒவ்வொன்றும் ஒரு துளி. துளிகள் பல சேர்ந்தே குடம் நிரம்புகின்றது. முதலிற் கண்டறியப்பட்டவற்றுட் பல இன்சுலினுக்கு இணங்காமையைவிடப் பீற்றாக் கலத்தின் வலுவையே சார்ந்தன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. சிலர் எத்துணை பருத்தும் நோயுறாமையும், சிலர் சிறிது பருத்தவுடன் நோயுறுதலும் இதனால் ஒருவாறு விளங்கும். முன்னவர்க்கு வாய்த்த மாடு எவ்வளவு பாரத்தையும் இழுக்கும். பின்னவருடையது அரைப் பாரத்திலேயே முழங்காலிடும். மாட்டை நாம் தெரிந்தெடுக்கவில்லை. வண்டியில் ஏற்றும் பாரம் எம் கையிலுண்டு.

இதற்கு அரிசோனாப் பாலைநிலத்துப் பிமா மக்களின் வரலாற்றைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. கீலா ஆற்றின் கரையிலே வாய்க்கால் வெட்டிப் பயிர்செய்து வாழ்ந்த குடிகள் அவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆற்றின் மேற்பகுதியிற் குடியேறியோர் நீரைத் திருப்பிக்கொள்ள, அவர்தம் வயல்கள் வறண்டன. பின்னர் வெள்ளை மாவும் கொழுப்பும் சீனியும் அவர்தம் உணவாயின. 1965 முதல் அவர்களை ஆராய்ந்தோர், உலகில் எங்குமில்லாத அளவு நீரிழிவை அங்கே கண்டனர். இவர்களோடு நெருங்கிய இரத்த உறவுடைய பிமா மக்கள் சிலர் மெக்சிக்கோவின் மலைநாட்டிலே, மைக்கோபா என்னும் ஊரையண்டி, உடலுழைப்போடு எளிய உணவுண்டு வாழ்ந்தனர். இரு கூட்டத்தாரையும் ஒப்பிட்ட ஆராய்ச்சி 2006இல் வெளிவந்தது. அமெரிக்கப் பிமா மக்களில் நூற்றுக்கு 38 பேர் நோயாளர். மலைநாட்டார் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேரே. முதுசொம் ஒன்று, விளைவு ஐந்து மடங்கு வேறு. நீர் மறிக்கப்பட்ட ஓர் ஆறு ஓரினத்தின் இரத்தத்தையே மாற்றிற்று என எண்ணும்போது, இந்நோயை உண்பவனின் பேராசை என்று மட்டும் பழித்தல் எத்துணை அநியாயம் என்பது தோன்றும்.

பஞ்சகாலத்தில் உணவைச் சேமித்து உயிர்காத்த சிக்கன அலகுகளே வளமான காலத்திற் கேடாயின என்று அதே நீல் 1962இல் ஒரு கருத்தை வெளியிட்டார். கேட்க இனிய கருத்து. மேடைகளிற் பலர் முடிந்த முடிபாகவே கூறுவர். ஆனால் அலகுகளைத் துருவிப் பார்த்தோர்க்கு அதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆகவே அதனை அழகிய கருதுகோளென்றே மாணாக்கர் குறித்துக்கொள்க.

சீதனத்தை மறந்துவிட்டோம் என்பார் உளர். தாயின் கருப்பையிலே பிள்ளை பெற்ற போசணையும் ஒரு முதல். அது பரம்பரையலகும் அன்று, அவன் தேடியதும் அன்று. 1944-45இன் மாரியில் செருமானியப் படையினரின் தடையால் மேற்கு ஒல்லாந்து பட்டினியில் வாடியது. நாளொன்றுக்கு ஒருவர்க்குக் கிடைத்த பங்கீடு 1000 கலோரிக்கும் குறைந்தது. அப்போது ஆம்சுட்டர்டாமிற் கருவிலிருந்தோரை ஏறத்தாழ ஐம்பதாவது வயதில் ஆராய்ந்தபோது, குளுக்கோசைக் கையாளும் திறன் அவர்களிடம் குறைந்திருந்தமை 1998இல் வெளியாயிற்று. இதற்கு முன்னரே 1992இல் ஏல்சு, பாக்கர் என்னும் இருவர், கருவிற் குறைபட்ட போசணை பிற்கால நீரிழிவுக்கு வித்தாகும் எனக் கூறியிருந்தனர். எம் பக்கத்துச் செய்தியும் உண்டு. இந்தியாவின் பூனாவை அடுத்த கிராமங்களில் யாச்னிக் என்னும் வைத்தியர் குழுவினர் நிறுத்த குழந்தைகளின் சராசரி நிறை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சதாம்ரன் நகரக் குழந்தைகளோ 3.5 கிலோ. ஆயின் இந்தியக் குழந்தைகளிற் குறைந்திருந்தது பெரும்பாலும் தசையே; தோலின் கீழ்க் கொழுப்பு அவ்வளவு குறையவில்லை. மெலிந்தும் கொழுத்த குழந்தை! தென்னாசியர் பலர் வளர்ந்த பின்னும் கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளி நிற்றலை ஆசிரியர் அறையிலேயே காணலாம், நாமும் விலக்கல்லேம். கருவுற்ற மகளிர்க்கு உண்ணக் கொடுப்பது பேரப்பிள்ளைகளின் சுகத்துக்கு எழுதும் சீதன உறுதி என்றே கொள்ளலாம்.

எமது நாட்டில் 2008இல் வெளிவந்த ஆராய்ச்சியின்படி, இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 10.3 பேர் நீரிழிவுடையோர். போர் காரணமாக வடக்கு கிழக்கு மாகாணங்கள் அக்கணக்கிற் சேர்க்கப்படவில்லை. நோயாளராகக் காணப்பட்டோரில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர், சோதித்த அன்றுவரை தமக்கு நோயுண்டென்பதை அறியாதிருந்தனர் என்பதே எம்மை வருத்திய செய்தி.

இனித் தேடியதேட்டம். அமெரிக்காவில் நோயின் வாயிலில் நின்ற 3234 பேரைக்கொண்டு நிகழ்த்திய சோதனையின் முடிவு 2002இல் வெளிவந்தது. வாரத்துக்கு 150 நிமிட நடையும், உடல்நிறையில் நூற்றுக்கு 7 பங்கு குறைப்பும் இலக்காகக் கொண்டோரில், புதிதாக நோயுறுவோர் தொகை நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. சென்னையிலே 531 பேரிடம் நிகழ்ந்து 2006இல் வெளிவந்த சோதனையில், வாளா விடப்பட்டோருள் மூன்றாண்டில் நூற்றுக்கு 55 பேர் நோயுற்றனர். உணவையும் நடையையும் திருத்திக்கொண்டோருள் 39 பேர். சென்னையிற் பயன் குறைவே. அதனை மறைத்தல் தகாது. ஆயினும் நூற்றுக்குப் பதினாறு பேர் என்பது ஒரு வகுப்பறை நிறைந்த மாணவரில் ஆறேழு பேர்.

இவை எல்லாவற்றினும் எம்மைக் கவர்ந்தது மற்றொன்று. அவ்வமெரிக்கச் சோதனைக்கு உட்பட்டோரிடம் முன்னர்க் கூறிய பத்தாம் நிறமூர்த்த அலகையும் ஆராய்ந்தனர். வாளா விடப்பட்டோருள், கேடான வேறுபாட்டின் இரு பிரதிகளையும் உடையோர் அஃதில்லாரைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு நோயுற்றனர். நடையும் உணவுத் திருத்தமும் மேற்கொண்டோருள் அவ்வேற்றுமை பெரும்பாலும் மறைந்தொழிந்தது. முதுசொம் அப்படியே இருந்தது, விளைவு மாறியது. எழுதிய எழுத்தென்று கைகட்டி இருப்பார்க்கு இதனைவிட வேறு மறுமொழி வேண்டுமோ!

எழுதிய எழுத்தென்று கைகட்டி இருந்தோருள் நாமும் ஒருவர். எம் தந்தையார் சலரோகியாய் இருந்தார். எம் தமக்கையாருக்குச் சம்பந்தம் பேசிய காலத்தில் அதனை அயலார் அறியாவண்ணம் மறைத்தனர். மருந்துக் குளிசைகள் அரிசிப் பானையின் பின்னே இருந்தன. வைத்தியசாலை வரிசையில் ஊரவர் காண்பரென்று கிளினிக் நாட்களைத் தவறவிட்டார். காலிற் பட்ட சிறு காயம் ஆறாது, ஈற்றில் முழங்காலின் கீழே எடுக்க நேர்ந்தது. அதனைக் கண்டும், எமக்கும் இதுவே என்று நாற்பத்துமூன்று வயதுவரை நாம் இரத்தத்தைச் சோதிப்பிக்கவில்லை. எம்மிடம் படித்து வைத்தியரான மாணவர் ஒருவர், “சேர், அப்பாவுக்கு இருந்ததெண்டால் நீங்கள் எல்லோருக்கும் முதல் வந்திருக்க வேணும்” என்று கடிந்துகொண்ட பின்னரே சென்றோம். வெறுவயிற்றில் 118 மில்லிகிராம். 126ஐ எட்டினால் நோய். நாம் வாயிலில் நின்றோம். காலை நடையும், இரவிற் சோற்றுக்கு ஈடாகக் குரக்கன் பிட்டில் அளவாக ஒரு பங்கும், தேநீருக்குச் சீனி விடாமையும் ஈராண்டு சென்றபின் அதனை 99க்கு இறக்கின. இன்றும் ஆறு மாதத்துக்கொருமுறை சென்று பார்க்கின்றோம். பனங்கட்டியும் சீனிதான் என்பதை ஏற்றுக்கொள்ளவே எமக்கு நெடுநாள் சென்றது.

சென்ற தவணை, எமது மகன் விஞ்ஞானப் பாடத்துக்காகக் குடும்பக் கொடிவழி வரைந்தான். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுற்றோர்க்குக் கறுப்பு. தந்தைவழியிற் சதுரங்கள் இரண்டு கறுத்திருந்தன. தாய்வழி முழுவதும் வெண்மையாகவே விட்டிருந்தான். நாமும் அவ்வாறே நம்பியிருந்தோம். அன்று வீட்டுக்கு வந்திருந்த எம் பெரியம்மா மூக்குக்கண்ணாடியை அணிந்து அப்படத்தை நெடுநேரம் பார்த்தார். பின்னர்த் தாழ்ந்த குரலில், “தம்பி, எங்கடை அம்மாவுக்கும் இருந்தது. என்ரை கலியாணம் குழம்பிப்போம் எண்டு ஒருதருக்கும் சொல்லேல்லை” என்றார். மகன் எம் முகத்தைப் பார்த்தான். நாம் பேனாவை எடுத்து அவன் கையிற் கொடுத்தோம். அவன் அந்த வட்டத்தையும் கறுப்பாக்கினான்.